ஸ்கேன் நார்மல், ஆனால் நான்?

கேள்வி: எனக்கு 31 வயது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸுக்குப் பத்து நாள் முன்பு நான் வேறு ஆளாகிவிடுகிறேன். காரணமே இல்லாமல் அழுகை, ஆத்திரம், தூக்கம் கிடையாது. போன மாதம் ஏழு வயது மகளை அடித்துவிட்டேன். இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றுகிறது. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாளே எல்லாம் போய்விடுகிறது. சேலத்தில் இரண்டு லேடி டாக்டர்களிடம் காட்டினேன். ஒருவர், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார். இன்னொருவர் ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன் டெஸ்ட் எடுத்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று சத்து மாத்திரை எழுதினார். எப்படிச் சொன்னால் நம்புவார்கள்?
- பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

"இருந்து என்ன பயன்" என்பதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. அந்த எண்ணம் மறுபடி வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. எண்ணம் முற்றி, வழி தேடத் தொடங்கினால் 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். டாக்டரிடமும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். பலர் வெட்கப்பட்டு இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பி.எம்.டி.டி. என்ற, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மனநிலையைக் கடுமையாகக் குலைக்கும் நோயோடு நிறையவே ஒத்துப்போகிறது. மாதவிடாய் வரும் பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 8 பேருக்கு இது இருக்கலாம் என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்.-5, 2013-லேயே இதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. எனவே "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பது சரியான பதில் இல்லை. லேசான எரிச்சலும் வயிற்று உப்புசமும் எத்தனையோ பேருக்கு உண்டு. மாதத்தில் பத்து நாள் வாழ்க்கையே நின்றுபோவது எல்லாருக்கும் வருவதில்லை.

டெஸ்ட் நார்மல் என்று வந்ததில் குழம்ப வேண்டாம். இந்த நோயில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கருமுட்டை வெளியானபின் அந்த ஹார்மோன்கள் ஏறி இறங்குவதைச் சிலருடைய மூளை தாங்குவதில்லை, அங்கேதான் சிக்கல். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. தைராய்டு, ரத்தசோகை போன்ற வேறு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்ள அந்த ரிப்போர்ட் உதவும், பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் எந்த நாளில் போனீர்கள்? மோசமான வாரத்தில் படுக்கையை விட்டு எழவே முடியாது. கொஞ்சம் தெளிந்தபின் லீவு போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய் உட்காரும்போது டாக்டர் பார்ப்பது தலைவாரிப் பூ வைத்த, நிதானமாகப் பேசுகிற ஒரு பெண்ணை. ஐந்து நிமிடத்தில் அவர் வேறென்ன நினைப்பார்? அவருக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்டிருக்க வேண்டியது அவர்தான். கேட்கவில்லை என்பதால் நாம் தாளோடு போக வேண்டியிருக்கிறது.

அதனால் இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். கணக்கு எழுதுகிற கைதானே, கஷ்டமிருக்காது. தினமும் படுக்கும் முன், கோபம், அழுகை, பதற்றம், நம்பிக்கையின்மை, தூக்கம், உடம்பு வலி என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் இல்லவே இல்லை, 6 என்றால் தாங்கவே முடியவில்லை. பீரியட்ஸ் நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். நல்ல நாட்களையும் விடாமல் எழுத வேண்டும், முக்கியமே அதுதான். பீரியட்ஸ் முடிந்த வாரத்தில் எண்கள் அடியில் கிடந்தால் இந்த நோய் என்று சொல்ல வலு கூடும். மாதம் முழுக்க உயரமாகவே இருந்து கடைசியில் இன்னும் ஏறினால், உள்ளே வேறொரு மனச்சோர்வு இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. நோயை உறுதி செய்ய இரண்டு சுழற்சிப் பதிவு கேட்பார்கள். அதற்காக இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இப்போதே ஒருமுறை போய்க் காட்டிவிட்டு எழுதத் தொடங்குங்கள். முடிந்தால் மோசமான வாரத்திலேயே போங்கள்.

உள்ளே போனதும் "மூடு சரியில்லை டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைத்தான் அவர்கள் தினமும் கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: இத்தனை நாள் லீவு, கணக்கில் இத்தனை பிழை, பிள்ளையை அடித்தேன், சாகத் தோன்றியது, பீரியட்ஸ் வந்ததும் நின்றுவிட்டது. அப்புறம் நேராகவே, "இது பி.எம்.டி.டி.யாக இருக்குமா? இல்லை என்றால் ஏன் இல்லை?" என்று கேளுங்கள். கணவரை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் கூடவே அழைத்துப் போங்கள். அவர் பார்த்ததை அவரே சொல்லட்டும். பெண் சொன்னால் புலம்பல், கணவர் சொன்னால் தகவல் என்று எடுத்துக்கொள்ளும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அது எரிச்சல்தான், ஆனாலும் உங்களுக்கு இப்போது வைத்தியம் கிடைக்க வேண்டும்.

மூன்றாவதாக மறுபடி ஒரு மகப்பேறு மருத்துவரைத் தேடுவதைவிட மனநல மருத்துவரைப் பாருங்கள் என்பேன். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியக்கார டாக்டர்" என்று மாமியார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வைத்தியம் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள்தான் பெரும்பாலும் முதலில் வரும். மனச்சோர்வில் வேலை செய்ய அவற்றுக்குப் பல வாரம் ஆகும், இதில் பலருக்குச் சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. அதனால் சிலருக்குப் பீரியட்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் கொடுப்பதும் உண்டு. சில வகைக் கருத்தடை மாத்திரைகளும் உதவும். பி.பி., ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த சரித்திரம் எதுவும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறி உற்சாகமாக இருந்த நாட்கள் எப்போதாவது இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மாத்திரையைத் தேர்ந்தெடுக்க அது முக்கியம். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். மாத்திரை தொடங்கிய பிறகும் நோட்டை நிறுத்தாதீர்கள். டோஸைக் கூட்டலாமா, மாற்றலாமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அந்த எண்கள் தேவைப்படும்.