விளக்கு அணைந்த பிறகு: மறுவாசிப்புக் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டம் இந்த முறை ஏற்காட்டில், ஏரிக்கு மேலே உள்ள ஒரு பழைய எஸ்டேட் வீட்டில் கூடியது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்தவர்கள் எல்லோரும் முன்பே ஒருமுறை படித்திருந்த நாவலைத்தான் பேச எடுத்திருந்தோம். அகதா கிறிஸ்டி எழுதி 1950-ல் வெளிவந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’.

கதை மறந்தவர்களுக்காக: சிப்பிங் கிளெகார்ன் என்ற ஆங்கிலக் கிராமத்தின் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகிறது. அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு ‘லிட்டில் பேடக்ஸ்’ என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்களுக்குத் தனி அழைப்பு இல்லை என்கிறது அது. ஏதோ விளையாட்டு என்று எண்ணி அக்கம்பக்கத்தார் போகிறார்கள். மணி 6.30 ஆனதும் விளக்கு அணைகிறது, கதவு திறக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது.

நேரம் போதாததால் பலர் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. கொலையாளியின் பெயரை எங்கும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடயத்தை முழுவதும் அவிழ்த்திருக்கிறேன். புத்தகத்தை இதுவரை தொடாதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வரலாம்.

யார் செய்தது என்று தெரிந்த பிறகு எதற்கு டீச்சர் மறுபடியும் படிக்க வேண்டும்? (அம்மாப்பேட்டை ஆசிரியை)

நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஊரே விடிய விடிய விழித்திருக்கிறது. எப்படி விழப்போகிறான், இந்த ஆட்டக்காரர் அதை எப்படி ஆடப்போகிறார் என்பதற்காகத்தான்.

முதல் வாசிப்பில் நாம் முடிவை நோக்கி ஓடுகிறோம். என் கல்லூரி நாட்களில் ஐந்து ரோடு அருகே ஒரு வாடகை நூல் நிலையத்தில் இந்தப் புத்தகத்தை எடுத்து ஒரே இரவில் முடித்தேன். காலையில் கொலையாளியின் பெயரைத் தவிர எதுவுமே நினைவில் நிற்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து நிதானமாகப் படித்தபோது எனக்குச் சினமே வந்தது, என் மீதுதான். கிறிஸ்டி எதையும் மறைக்கவில்லை. உண்மையைப் பளிச்சென்று மேசைமேல் வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பத்துப் பேரை ஒரே நேரத்தில் பேசவிடுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நான் மேசையைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது வாசிப்பு மேசையைப் பார்ப்பதற்கு.

அப்படி ஒரு தடயத்தைச் சொல்லுங்களேன். (அஸ்தம்பட்டி வாசகர்)

சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் கூட்டத்தையே ஏற்காட்டில் வைக்கக் கேட்டேன்.

கொலை அறிவிக்கப்பட்ட அந்த மாலையில் விருந்தினர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். எல்லோருக்கும் வெட்கம், ‘விளம்பரம் பார்த்து வந்தோம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஆளுக்கொரு சாக்குச் சொல்கிறார்கள், ஷெர்ரி என்ற ஒயின் வருகிறது, செவ்வந்திப் பூவைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அந்தக் கலகலப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே செய்தியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்: அடடே, இதற்குள்ளாகவே வீட்டைச் சூடேற்றும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டீர்களா! நிலக்கரிக்குத் தட்டுப்பாடு உள்ள காலம், அதனால் அந்த வியப்பு இயல்பாகவே படுகிறது. நானும் மூன்று முறை அப்படியே கடந்துபோயிருக்கிறேன்.

பிறகு ஒரு டிசம்பரில் ஏற்காட்டில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். மழை, மின்சாரம் போய்விட்டது. கூடத்தில் பழைய காலத்துக் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் தடுமாறப்போகிறோம் என்று எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இருட்டே இல்லை. அத்தையின் மூக்குத்தி தெரிந்தது, கதவருகே நின்ற பையனின் கையில் இருந்த டம்ளர் தெரிந்தது. யார் எங்கே நகர்ந்தாலும் சுவரில் நிழல் நகர்ந்தது.

அந்த நிமிடம் புரிந்தது. கணப்பு எரிகிற அறையில் விளக்கை அணைத்துப் பயனில்லை. அறையும் குளிரக்கூடாது, நெருப்பும் எரியக்கூடாது என்றால், குழாய் வழியே வீட்டைச் சூடேற்றும் ஏற்பாட்டை அன்றைக்கு இயக்கியே ஆக வேண்டும். அப்படியானால் அந்த மாலைக்குக் கும்மிருட்டு தேவைப்பட்டவர் யார்? அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அந்த அத்தியாயத்தைத் திறந்து, விருந்தினர்கள் அதைச் சொல்லும்போது என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

கொலைக் கதையில் வெண்ணெய், முட்டை, கேக் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்? (செவ்வாய்ப்பேட்டை வியாபாரி)

கடைக்காரர் கண்ணில்தான் இது முதலில் படும்! பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940-ல் தொடங்கி 1954-ல்தான் முடிந்தது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகளாகியும் வெண்ணெய் அளந்துதான் கிடைத்தது. அதனால் ஊரார் ஒருவருக்கொருவர் கமுக்கமாக வெண்ணெயும் காய்கறியும் மாற்றிக்கொள்கிறார்கள். சமையற்காரி மிட்ஸி செய்யும் சாக்லேட் கேக்குக்கு ‘சுவையான சாவு’ என்று பெயர். அதற்குள் போகிற பொருள்களை எண்ணினால், அன்றைய வாசகர் அந்தப் பக்கத்தைப் படித்து எச்சில் விழுங்கியிருப்பார் என்று தெரியும். என் பாட்டி ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துவைத்துத் தீபாவளிக்கு அதிரசம் சுட்டவர். எனக்கு அந்தக் கேக்கின் விலை தெரியும்.

ஆனால் பங்கீடு வெறும் பின்னணி அல்ல. அந்தக் காலத்துப் பங்கீட்டுப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் புகைப்படம் கிடையாது, கைரேகை கிடையாது. அட்டையில் ஒரு பெயரும் எண்ணும் இருந்தால் போதும். முன்பெல்லாம் ஒரு குடும்பம் ஊருக்குக் குடிவந்தால் யாராவது அறிமுகக் கடிதம் எழுதுவார்கள், இப்போது யார் யாரென்றே தெரியவில்லை என்று கதையில் துப்புத் துலக்கும் மூதாட்டி மிஸ் மார்பிள் வருந்துகிறார். ஊரில் பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். கர்னல் ஈஸ்டர்புரூக் நம் நாட்டிலிருந்து திரும்பியவர். பக்கத்து வீட்டுக்காரர் தம்மைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பித்தான் அந்த ஊர் வாழ்கிறது. நாவல் நிற்பதே அந்த நம்பிக்கையின் மேல்தான்.

இதைத் தமிழில் மொழிபெயர்க்க முடியுமா டீச்சர்? (கல்லூரி மாணவி)

முடியும், ஓரிடம் மட்டும் உன்னை ஒரு வாரம் தூங்கவிடாது. ‘விசாரித்தல்’ என்ற பொருளுள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை இரண்டு விதமாக எழுதலாம், முதலெழுத்து மட்டும் மாறும். இரண்டும் சரியே. ஒருவர் எப்போதும் எந்த விதத்தில் எழுதுகிறார் என்பதை மிஸ் மார்பிள் கவனிக்கிறார். ‘விசாரணை’ என்று பெயர்த்தால் தடயம் செத்துவிடும்.

நானாக இருந்தால் அடிக்குறிப்புப் போட மாட்டேன். நம்மிடமே அப்படிச் சொற்கள் இருக்கின்றன. சிலர் வாழ்நாள் முழுவதும் ‘கோவில்’ என்றே எழுதுவார்கள், சிலர் ‘கோயில்’. கருப்பு, கறுப்பு என்பதும் அப்படியே. வாக்கியத்தைக் கொஞ்சம் வளைத்து அப்படி ஒரு சொல்லை அங்கே வைத்துவிடு. தமிழ் வாசகரும் நேர்மையாக ஏமாற வேண்டும்.

படிக்கும்போது எது உறுத்துகிறது? (ஏற்காடு, ஓய்வுபெற்ற செவிலியர்)

மிட்ஸியை நடத்தும் விதம். போரில் குடும்பத்தை இழந்து ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த பெண் அவள். வீட்டார் அவளைப் பொய்க்காரி, எதற்கும் கூச்சலிடுபவள் என்று சிரிக்கிறார்கள், கதையும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது. இளவயதில் நானும் சிரித்தேன். இப்போது முடியவில்லை. கடைசியில் கிறிஸ்டி அவளுக்குத் துணிச்சலான ஒரு பங்கைக் கொடுக்கிறார் என்பது உண்மை, ஆனால் அதுவரை பட்டதற்கு அது ஈடாகாது. அதற்காகப் புத்தகத்தை ஒதுக்கவும் மாட்டேன். அடுத்த முறை மிட்ஸி பேசும் இடங்களை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். அவள் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பது வியப்பூட்டும்.

மலையில் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கின்றன, என்ன செய்வது? (எஸ்டேட் குடும்பத்தினர்)

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி வேண்டும். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள். வெயில் அடிக்கும் நாளில் பக்கங்களை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் பூச்சிக்கு உதவும், ஈரத்துக்கு உதவாது.

எனக்குப் பதிமூன்று வயது. கொலைக் கதை வேண்டாம் என்கிறார் அம்மா. நான் படிக்கலாமா? (சீட்டில் ஊர் இல்லை)

படிக்கலாம் கண்ணு. இதில் ரத்தத்தை வருணித்துப் பயமுறுத்தும் பக்கம் கிடையாது. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லி, இருவரும் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படியுங்கள், ஆளுக்கு ஓர் அத்தியாயம். யார் மீது சந்தேகம் என்று ஒவ்வொரு இரவும் தனித்தனித் தாளில் எழுதி மடித்து வையுங்கள், மற்றவருக்குக் காட்டக்கூடாது. முடித்ததும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இருவருமாக அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். கூட்டம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில். தட்டுவடை செட் உண்டு.