டேட்டிங் செயலிகள் – கடிதம், பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், வேலை சென்னையில். வீட்டில் மூன்று வருடம் ஜாதகம் பார்த்தார்கள். எதுவும் அமையவில்லை. "இனி நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருடமாக மூன்று டேட்டிங் செயலிகளில் இருக்கிறேன். ஒன்றுக்கு ஆறு மாதச் சந்தாவும் கட்டினேன். இருவரும் விருப்பம் தெரிவித்து மேட்ச் ஆவதே அபூர்வம். அப்படி ஆனாலும் நாலு செய்தியோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் மட்டும் தொடர்ந்து பேசினார். இரண்டாவது வாரமே வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி, கிரிப்டோவில் பணம் போடச் சொன்னார். விலகிவிட்டேன். ஞாயிறு காலையில் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போவது என் வழக்கம். இப்போது அங்கேயும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் செயலி சரியானது? சிலர் சாதியைக் கேட்கிறார்கள், அதைப் போடலாமா? குறை என் முகத்தில்தானா? என் புரொஃபைலையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டையும் உங்களைக் கேட்க வைத்தது அதுதான் என்று தோன்றுகிறது. குறை உங்கள் முகத்தில் இல்லை. இந்தியாவில் இந்தச் செயலிகளில் ஆண்களின் கூட்டம் மிகப் பெரியது, பெண்கள் மிகக் குறைவு. ஆண்களுக்குப் பதில் வருவதில்லை. அதனால் கண்ணில் படும் எல்லோருக்கும் விருப்பம் தெரிவித்துவிடுகிறார்கள். பெண்களுக்கு விருப்பங்கள் குவிகின்றன. அதனால் அவர்கள் இன்னும் கறாராகிறார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் டிண்டர் என்ற செயலியில் சோதனைக் கணக்குகள் தொடங்கிப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சுழலைத்தான் கண்டார்கள். உங்களுக்குப் பதில் எழுதாத பெண்களில் பெரும்பாலோர் உங்கள் படத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

பார்த்தவர்களும் முதலில் தேடுவது அழகை அல்ல. இதுபற்றி என்னிடம் பேசிய பெண்கள் ஒருவர் விடாமல் பயத்தைப் பற்றித்தான் சொன்னார்கள். இவனுக்குக் கல்யாணமாகி ஊரில் மனைவி இருக்கிறாளா? என் படத்தை எடுத்து வேறெங்காவது போடுவானா? வேண்டாமென்று சொன்னால் விடுதி வாசலில் வந்து நிற்பானா? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் புரொஃபைலில் ஏதாவது பதில் கிடைக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் வைத்திருக்கும் மூன்று படங்களில் ஒன்றில் கறுப்புக் கண்ணாடி, ஒன்றில் ஹெல்மெட், மூன்றாவதில் ஆறு பேர். யார் நீங்கள் என்று எனக்கே தெரியவில்லை. "எளிமையானவன், பயணமும் இசையும் பிடிக்கும்" என்ற வரி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். எனக்கு எழுதிய கடிதத்தில் பள்ளிக்கரணை இருக்கிறது. புரொஃபைலில் ஏன் இல்லை? சதுப்பு நிலத்தில் பூநாரைக்காகக் காத்து நிற்கும் ஒருவரிடம் கேட்க ஒரு பெண்ணுக்கு ஏதாவது இருக்கும். அதை எழுதுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் படம் இரண்டு, பைனாகுலரோடு ஒன்று போதும். செல்ஃபி எடுத்துச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

எந்தச் செயலி? டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் மூன்றுமே மேட்ச் குரூப் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தினுடையவை. ஆனாலும் உள்ளே நடக்கும் விதம் வேறு. டிண்டரில் படத்தைத் தள்ளிக்கொண்டே போகலாம், கை ஓயாது. ஹிஞ்சில் சில கேள்விகளுக்குப் பதில் எழுதித்தான் புரொஃபைல் அமைக்க முடியும். ஒருவருடைய குறிப்பிட்ட பதிலுக்கோ படத்துக்கோ கருத்தெழுதிப் பேச்சைத் தொடங்கலாம். இலவசமாகப் பயன்படுத்தினால் ஒரு நாளைக்குச் சில விருப்பங்களே அனுமதி. உங்களுக்கு அது நல்லது. பம்பிள் 2014இல் தொடங்கியபோது ஆண்–பெண் மேட்சில் பெண் முதலில் எழுதினால்தான் பேச்சே தொடங்கும் என்று விதி வைத்தது. 2024இல் அதைக் கொஞ்சம் தளர்த்தி, பெண் ஒரு கேள்வியை முன்கூட்டியே வைக்கலாம், ஆண் அதற்குப் பதில் எழுதலாம் என்று மாற்றியது. பெங்களூரின் ஐல் நிறுவனம் கல்யாண எண்ணத்தோடு வருபவர்களைக் குறிவைத்தது. தமிழர்களுக்கென்று 'அன்பே' என்ற செயலியையும் கொண்டுவந்தது.

உங்கள் கடிதத்தில் வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. எழுத வருபவருக்கு ஹிஞ்ச்தான் பொருந்தும். மற்றவற்றை விட்டுவிடுங்கள். தினமும் இரவில் இருபது நிமிடம் பாருங்கள், மூன்று பேருக்கு மட்டும், அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுங்கள். ஞாயிறு காலையில் போனைப் பைக்குள் வையுங்கள்.

பேச்சு நாலு செய்தியில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெறும் செய்திகளாகவே நீட்டினால் எந்தப் பேச்சும் வற்றிவிடும். எப்படிப்பட்டவர் வேண்டும் என்று நாம் பட்டியலிடுவதற்கும், நேரில் பார்த்ததும் யாரிடம் மனம் போகிறது என்பதற்கும் பெரிய தொடர்பில்லை என்று பால் ஈஸ்ட்விக், எலை ஃபிங்கெல் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஜாதகம் பார்த்த மூன்று வருடத்தில் உங்களுக்கும் அது புரிந்திருக்கும். ஒரு வாரம், பத்து நாள் எழுதியபின் ஒருமுறை வீடியோவில் பேசுங்கள். சரியென்று பட்டால் பகல் நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், ஒரு காபி. இடத்தை அவர் சொல்லட்டும். செம்மொழிப் பூங்கா போன்ற இடம் என்றால் இருவருக்கும் நிம்மதி. வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று வற்புறுத்தாதீர்கள். வரமுடியாது என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சாதியைப் பற்றிக் கேட்டீர்கள். போடாதீர்கள். கேட்பவரிடம், அதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அப்படிச் சொல்லும் முன் அது உண்மையா என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் செயலிகளில் தமிழ்ப் பெண்களுக்கு நடக்கும் ஆகப் பெரிய துரோகம் என்று நான் நினைப்பது இதுதான்: ஒன்றரை வருடம் பழகிவிட்டு, கல்யாணப் பேச்சு வந்ததும், "அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று ஒருவன் விலகிப்போவது. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது அவனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் பழகினான். "நீயே பார்த்துக்கொள்" என்று உங்கள் வீட்டில் சொன்னதற்கு என்ன எல்லை என்று இப்போதே கேளுங்கள். வேறு சாதிப் பெண்ணை, தலித் பெண்ணை, வேறு மதத்துப் பெண்ணை நான் விரும்பினால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேளுங்கள். அவர்கள் மறுத்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று தெரிந்துகொண்டு, அதன்பின் ஒரு பெண்ணுக்கு எழுதுங்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது, அவர் வேறு சாதிப் பெண்ணான கௌசல்யாவை மணந்ததற்காக. இப்படிப்பட்ட சமூகத்தில்தான் நீங்களும் அந்தப் பெண்ணும் வாழப்போகிறீர்கள். சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. ஆனால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் முடிக்க முன்னறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோர் பார்வைக்கும் ஒட்டப்படும். அந்த 30 நாள் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்காத ஆணிடம் ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒப்படைக்கக் கூடாது.

கிரிப்டோ பேச்சு வந்ததும் விலகினீர்கள், மிக நல்லது. உங்களைப் போன்ற ஆண்களைக் குறிவைக்கும் இன்னும் இரண்டு மோசடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சந்திப்புக்கே ஒரு குறிப்பிட்ட ஹோட்டலுக்கு அழைத்து, பல்லாயிரம் ரூபாய்க்குப் பில் போட்டு, ஆள் வைத்து மிரட்டி வாங்குவது ஒன்று. டெல்லி, மும்பை, ஹைதராபாத்தில் நிறைய நடந்திருக்கிறது. மற்றொன்று, ஆபாச வீடியோ அழைப்புக்கு இழுத்துப் பதிவுசெய்து பணம் கேட்பது. இதில் சிக்கும் ஆண்கள் வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை, கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். ஆதாரங்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், நெருங்கிய ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

சந்தா விஷயத்தில் ஒரு வார்த்தை. போனிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் கட்டணம் நின்றுவிடாது. எங்கே பணம் கட்டினீர்களோ அங்கே, பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அதன் சந்தாப் பகுதியில், தனியாக ரத்து செய்ய வேண்டும். கணக்கையும் செயலிக்குள்ளிருந்தே அழித்துவிட்டு வெளியே வாருங்கள். புதிய புரொஃபைலை எழுதியதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா