ஏற்றம் இருக்கட்டும், முதலில் இறங்கப் பழகுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கி விழுந்தவர்கள் கட்டுப் பிரித்து மறுபடி நடக்க ஆரம்பிக்கிற நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சமவெளிக்காரர்களுக்குச் சொல்கிற ஆலோசனையை நம் ஊரில் அப்படியே பின்பற்ற முடியாது. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொல்லிவிடலாம், ஆனால் இங்கே வாசலைத் தாண்டினாலே ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

எனக்கு 47 வயது, பள்ளி ஆசிரியை. பாசி பிடித்த படியில் வழுக்கி வலது கணுக்காலில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பு தினமும் நான்கு, ஐந்து கிலோமீட்டர் நடப்பேன். போன வாரம் ஆசையாகப் பழைய பாதையில் போய்வந்தேன். மறுநாள் கணுக்காலைவிட முட்டிதான் அதிகம் வலித்தது, தொடை இரண்டும் கல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, 60 படி இறங்க வேண்டும். நடையையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகி, கோத்தகிரி

விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நடந்தது என்னவென்று சொல்கிறேன், பயம் பாதி குறையும்.

எலும்பு கூடிவிட்டது என்றால் எலும்பு மட்டும் கூடிவிட்டது என்று அர்த்தம். ஆறு வாரம் கட்டுக்குள் அசையாமல் கிடந்த மூட்டு இறுகியிருக்கும், கெண்டைக்கால் தசை வற்றியிருக்கும். ஒரு இஞ்ச் டேப் எடுத்து, முட்டிக்குக் கீழே ஒரே அளவு தூரத்தில், இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள். வலது பக்கம் இளைத்திருப்பது உங்களுக்கே தெரியும். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை அளந்தால் எவ்வளவு தேறியிருக்கிறீர்கள் என்று புரியும்.

சரி, கணுக்கால் உடைந்ததற்கு முட்டி ஏன் வலிக்கிறது? படி இறங்கும்போது எந்தக் கால் மேல் படியில் நிற்கிறதோ அதன் கணுக்கால் நன்றாக முன்னால் மடங்க வேண்டும். உங்கள் வலது கணுக்கால் இப்போது அவ்வளவு மடங்காது. அது மடங்காததை முட்டியும் இடுப்பும் கோணிக்கொண்டு சமாளிக்கின்றன. 60 படியிலும் அப்படியே சமாளித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

தொடை கல்லானதற்குக் காரணம் வேறு. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது, மேட்டுப்பாளையம் இறங்குகிற லாரி வழியெல்லாம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போகிற மாதிரி. பழக்கம் விட்டுப்போன தசைக்கு இந்த வேலைதான் அதிக வலி கொடுக்கும். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்றத்தில் அளவு மீறினால் மூச்சு வாங்கும், நாமே நின்றுவிடுவோம். இறக்கத்தில் மூச்சே வாங்காது, சுகமாகத்தான் இருக்கும், வலி மறுநாள் ஆரம்பித்து இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். இந்த மலையில் இத்தனை வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன், "டாக்டர், ஏறத்தான் பயந்தேன், இறங்கினதுதான் வினையாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. கொஞ்சமாக இறங்கி ஒரு முறை வலித்து ஆறிய தசை அடுத்த முறை அதே இறக்கத்துக்கு அவ்வளவு வலிக்காது. அந்தப் பழக்கம் சில வாரங்களுக்கு உடம்பில் தங்கும். அதனால் இறக்கத்தை மருந்து மாதிரி அளந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் வேலை வீட்டுக்குள்தான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். நன்றாகத் தொட முடிந்ததும் பாதத்தை ஒரு விரல் அகலம் பின்னால் தள்ளி வைத்து மறுபடி தொடுங்கள். கணுக்கால் மடங்குவதற்கு இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது. பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நில்லுங்கள், பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும். கட்டுப் போட்ட காலுக்குப் பலம் மட்டுமல்ல, நிதானமும் போயிருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவராமல் ஈரப் பாதையில் இறங்குபவர்கள்தான் அதே காலை மறுபடி பிசகிக்கொண்டு வருகிறார்கள்.

நடைக்கு, காந்தி மைதானம் வரை ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய் அங்கே சமதளத்தில் பத்து நிமிடம் நடங்கள். நடப்பதற்காக வண்டியில் போவதா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும், நான்கு வாரம்தானே. மூன்று நாளுக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம்.

உங்கள் 60 படிதான் எனக்குக் கவலை. ரோட்டுக்கு மேலே வீடு இருப்பவர்கள் காலையில் தெம்பாக இருக்கும்போது இறங்கிவிட்டு, களைத்துத் திரும்பும்போது ஏறுவார்கள். உங்களுக்கு அது தலைகீழ், நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு, சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது, பெரும்பாலும் இருட்டில் இறங்குகிறீர்கள். அதனால் அந்தப் படிகளையே அன்றைய உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். நடுவில் ஒரு இடத்தில் நின்று ஒரு நிமிடம் ஆறுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோல் வைத்திருந்தால் அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில். நோட்டுப் புத்தகப் பையைப் பிள்ளைகள் யாராவது கொண்டுவரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து அந்தப் பாசியைச் சுரண்டிவிட்டு ஓரத்தில் ஒரு குழாய்க் கைப்பிடி போடச் சொல்லுங்கள். நான் சொல்லித்தருகிற எந்தப் பயிற்சியையும்விட அது உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டின் கடைசிப் படியில் நின்று இறங்கிப் பழகுங்கள். வலது கால் படியிலேயே இருக்கட்டும், மூன்று எண்ணுகிற வரை மெதுவாக இடது காலைத் தரைக்குக் கொண்டுபோங்கள், எட்டுத் தடவை போதும். அப்புறம் பழைய பாதைக்குத் திரும்பலாம், ஆனால் முதலில் ஏறுவது நடந்து, இறங்குவது மினி பஸ்ஸில். இரண்டு வாரம் கழித்து இறக்கத்தில் கால்வாசியை நடந்து இறங்கிப் பாருங்கள்.

எவ்வளவு வலி பொறுக்கலாம்? வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் அது பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் முந்தின நாள் செய்தது அதிகம், அளவைக் குறையுங்கள். தசை வலி இரண்டு மூன்று நாள் இருந்தாலும் கவலையில்லை. மூட்டே வீங்கினால்தான் யோசிக்க வேண்டும். சாயங்காலத்தில் கணுக்கால் லேசாக வீங்குவது சில மாதங்களுக்கு இருக்கும், தலையணையில் காலை உயர்த்தி வைத்தால் வடியும். ஆனால் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அசையாமல் இருந்த காலில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

வயது 29. பள்ளியில் படிக்கும்போது கால்பந்து ஆடியவன். மூன்று வருடம் சென்னையில் ஐ.டி. வேலை, ஓட்டம் ஆட்டம் எதுவும் இல்லை. இப்போது ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். முதல் நாளே ஏரியை முழுச் சுற்று ஓடினேன், நாக்குத் தள்ளிவிட்டது. பிடிவாதமாக ஒரு வாரம் ஓடினேன். மூச்சு பழகிவிட்டது, இப்போது முன்னங்கால் எலும்பில் வலி.
– ஒரு வாசகர், கொடைக்கானல்

தம்பி, முதல் நாளே ஐந்து கிலோமீட்டரா! கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். சென்னையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. பிறந்த ஊர்தான் என்றாலும் மூன்று வருடம் கடற்கரையில் இருந்த உடம்புக்கு இது புது ஊர். மூச்சு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

நீங்கள் ஏமாந்தது அதற்கப்புறம்தான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும், முன்பு விளையாடியவர்களுக்குத் தசையும் ஓரளவு சீக்கிரம் திரும்பிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படி இல்லை, அவற்றுக்கு மாதக் கணக்கில் அவகாசம் வேண்டும். "மூச்சு தாங்குகிறது, இன்னும் ஓடு" என்று மனசு சொல்கிற அந்த மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் நிறையப் பேருக்கு அடிபடுகிறது, உங்களுக்கு முதல் வாரமே வந்துவிட்டது.

இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள், இரண்டு வாரம். சும்மா இருக்க வேண்டாம், ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் இருக்கிறதே, அதில் சுற்றுங்கள். வலி எங்கே என்று விரலால் தடவிப் பாருங்கள். எலும்பின் உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓய்வில் சரியாகும். ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியாவிட்டாலோ, ராத்திரி படுக்கையிலும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம், அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்று வந்தது என்பதற்காக மறுபடி ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.

வலி அடங்கிய பிறகு நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், இப்படி ஐந்து முறை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் கட்டாயம் இடைவெளி. ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டம் ஒவ்வொரு நிமிடமாகக் கூடட்டும், நடை அதே அளவுக்குக் குறையட்டும். ஏரிச்சாலை ஓரளவு சமமாக இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். மூன்று மாதத்துக்கு அதை விட்டு எந்த இறக்கத்திலும் ஓட வேண்டாம்.

அம்மாவுக்கு 54 வயது, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறார். வேலையே உடற்பயிற்சிதானே, தனியாக எதற்கு என்கிறார்.
– ஒரு வாசகர், கூடலூர்

அம்மா சொல்வது பாதி சரி. வேலையில் உடம்பு அசைகிறது, ஆனால் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை அங்கே அவர் தீர்மானிக்க முடியாது. சரிவில் எட்டு மணி நேரம் நின்று, பறித்த இலையைச் சுமந்துகொண்டு இறங்குவது, இரண்டு மாதம் படுத்து எழுந்த முதுகுக்கு முதல் நாளே செய்யக்கூடிய வேலை இல்லை.

முடிந்தால் இன்னும் ஒரு பத்து நாள் தள்ளிப்போடுங்கள். அந்தப் பத்து நாளில் லைன் வீட்டுப் பாதையில் காலையும் மாலையும் இருபது நிமிடம் ஏறி இறங்கட்டும். ஒரு பையில் மூன்று கிலோ அரிசி போட்டு முதுகில் மாட்டி நடக்கட்டும், இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கிலோ கூட்டுங்கள். வேலைக்குப் போன பிறகு முதல் இரண்டு வாரம், பை நிறையும் வரை காத்திருக்காமல் பாதி நிறைந்ததுமே எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோகட்டும். கங்காணியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அம்மாவைப் பேசவிட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். வலி முதுகை விட்டுக் காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே.

ஊட்டியில் தை மாதக் குளிரில் விடியற்காலை நடப்பது நல்லதா? வயது 66, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக நடக்கவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பலாமா?
– ஒரு வாசகர், ஊட்டி

புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற நேரத்தில் உங்களுக்கு என்ன அவசரம், ஐயா? குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும் காட்டெருமைகளும் ரோட்டுக்கு வரும், மறுபடி நடக்கத் தொடங்குகிற காலில் அதைப் பார்த்து ஓடவும் முடியாது. பத்து மணி வெயிலில் போங்கள். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்து, கை கால் சூடான பிறகு வெளியே வாருங்கள். வியர்க்கவில்லை என்றாலும் தண்ணீர் குடியுங்கள். ஒரு வருட இடைவெளி என்பதால், கிளம்பும் முன் பிரஷரை ஒரு முறை பார்த்து உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

தைலத்தை நடந்து வந்த பிறகு தேய்த்துக்கொள்ளுங்கள். நீலகிரித் தைலம் தோலில் ஒரு சுகம் கொடுக்கும், மூட்டுக்குள் இருப்பதை ஆற்றாது. கிளம்பும் முன் தேய்த்தால், "போதும், நில்" என்று முட்டி சொல்வது உங்களுக்குச் சரியாகக் கேட்காது. தேய்த்த இடத்தில் இறுக்கிக் கட்டுவதும் வெந்நீர்ப் பை வைப்பதும் வேண்டாம், தோல் பொத்துப்போகும். கடைகளில் விற்கிற விண்டர்கிரீன் தைலம் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்றால் இரண்டு பாட்டிலையும் அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.