அந்த ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: கொலை முயற்சி வழக்கில் தம்பிக்கு 7 ஆண்டு தண்டனை ஆனது. முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பே தரவில்லை என்று உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அன்று தண்டித்த அதே நீதிபதிதான் இன்னும் இருக்கிறார். நடுநிலையாக விசாரிப்பாரா? மற்றபடி பிரச்சினை இல்லை, சாட்சி சொன்ன பெட்டிக்கடைக்காரர்கூட இப்போது எங்களோடு சுமுகம்தான், பொங்கலுக்கு அப்பா அவர் கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார்.
– ஒரு அக்கா

பதில்: நீதிபதி விஷயத்துக்கு வழி இருக்கிறது. குற்றவாளி என்று ஒருமுறை எழுதிய கையே மறுபடி எழுத வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மனு போடலாம், வெறுமனே பயமாக இருக்கிறது என்றால் நிற்காது, காரணம் காட்ட வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது. வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். அந்தக் கடையில் எத்தனை வருஷம் சாமான் வாங்கியிருப்பீர்கள், அப்போதெல்லாம் வராத பாசம் ஹைகோர்ட் உத்தரவு வந்த பிறகு எங்கிருந்து வந்தது? நடுநிலையான நீதிபதி வேண்டுமாம், சாட்சி மட்டும் நம் ஆளாக இருக்க வேண்டுமாம்.

2002-இல் வடோதராவில் பெஸ்ட் பேக்கரியை எரித்ததில் 14 பேர் செத்தார்கள். சாட்சிகள் வரிசையாகப் பிறழ, மறு வருஷம் 21 பேரும் விடுதலை. 2004-இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணையை மகாராஷ்டிரத்துக்கு அனுப்பியது. நீதிபதி வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்று கண்டித்த அதே தீர்ப்புதான், சாட்சியை மிரட்டியோ வற்புறுத்தியோ பொய் சொல்ல வைத்தால் அதுவும் நியாயமான விசாரணை ஆகாது என்றது. கடைசியில் மாற்றி மாற்றிப் பேசிய முக்கிய சாட்சிக்கே 2006-இல் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு சிறை.

உங்கள் கடைக்காரர் முதலில் சொன்ன சாட்சியம் ரெக்கார்டில் இருக்கிறது. மாற்றிச் சொன்னால் அரசு வக்கீல் அதை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவார். பொய் சாட்சிக்கு 7 ஆண்டு வரை போடலாம், தம்பிக்குப் போட்ட அதே 7.

எனக்கு எரிச்சலே இங்கேதான். ஹைகோர்ட் உங்களுக்கு வாங்கித் தந்தது அந்த ஆளைக் கேள்வி கேட்கும் உரிமையை. எவ்வளவு தூரத்தில் நின்றீர், இருட்டாக இருந்ததா, கரண்ட் இருந்ததா என்று வக்கீல் கேட்டு அவர் தடுமாறியிருந்தால் அது தம்பிக்கு லாபம். ஃப்ரிட்ஜ் வாங்கியவர் இப்போது உண்மையாகவே தடுமாறினாலும் யார் நம்புவார்?

அப்பாவை எப்படி எதிர்ப்பது என்பீர்கள். எதிர்க்கத்தான் வேண்டும். வக்கீல் ஃபீசுக்கு நகையை அடகு வைப்பதும் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட் வாசலில் காத்துக் கிடப்பதும் அக்கா கடமை, ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு வீட்டு மனுஷனைப் பொய் சொல்ல வைப்பதில் எந்தக் கடமையும் இல்லை. குத்துப்பட்டவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், அதில் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாளைக்கே வக்கீலிடம் போய் ஃப்ரிட்ஜ் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள், என்ன செய்வதென்று அவர் சொல்லட்டும். அப்பா இனி அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது, பீடி வாங்கக்கூட. அப்புறம் நீதிபதியைப் பற்றி எழுதுங்கள்.