டெபாசிட் போனால் ஏன் ‘ஃபார்ஃபிட்’?

தேர்தலில் வேட்பாளர் கட்டும் பணம் திரும்பக் கிடைக்காததை ‘டெபாசிட் போச்சு’ என்கிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்ல ‘லூஸ்’ (lose) போதாதா, ஏன் ‘ஃபார்ஃபிட்’ (forfeit) என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் பர்ஸ் தொலைந்தால் ‘லூஸ்’. நிபந்தனை தவறியதால் உரிமை பறிபோனால்தான் ‘ஃபார்ஃபிட்’.

‘ஃபார்ஃபிட்’டின் வேர் லத்தீனில் இருக்கிறது. அதில் ‘ஃபோரிஸ்’ என்றால் வெளியே, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். அதாவது வரம்பு மீறிச் செய்தது. பழைய பிரெஞ்சில் இதற்குக் குற்றம் என்றே பொருள். இடைக்கால இங்கிலாந்தில் பெருங்குற்றம் செய்தவரின் நிலமும் பறிபோகும். அதனால் சொல்லின் பொருளும் மெல்ல குற்றத்திலிருந்து இழப்புக்கு நகர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம் வேலூர் மக்களவைத் தேர்தலையே பாருங்கள், 2019 ஆகஸ்ட் 5. பொதுப்பிரிவு வேட்பாளருக்கு டெபாசிட் ரூ.25,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவருக்கு அது போய்விடும். 8,141 வாக்கில் தோற்ற இரண்டாமவருக்குப் போகவில்லை. தோல்வி வேறு, ஃபார்ஃபிட் வேறு.