நரம்பு சொல்வதை எலும்பு கேட்குமா?

கேள்வி: நரம்பில் சுரக்கும் வேதிப்பொருள்கள் எலும்பு வளர்ச்சியை மாற்றுமா? பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை எலும்பையும் பலப்படுத்தும் என்கிறார்களே, உண்மையா?

முதல் கேள்விக்கு, மாற்றும். இரண்டாவதுக்கு அவசரப்பட்டு ஆமாம் சொல்ல மாட்டேன்.

எலும்பு என்றதும் நமக்குக் கால்சியம்தான் ஞாபகம் வரும். ஆனால் எலும்பின் மேலுறையிலும் மஜ்ஜையிலும் நரம்பிழைகள் ஓடுகின்றன. எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களில் அந்த நரம்புகள் சுரக்கும் பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளும் இருக்கின்றன.

இது தெளிவானது லெப்டின் ஆராய்ச்சியில். கொழுப்பில் சுரந்து பசியை அடக்கும் ஹார்மோன் அது. லெப்டின் இல்லாத எலிகளுக்குப் பாலின ஹார்மோன்களும் குறைவு, அதனால் எலும்பு தேய்ந்திருக்க வேண்டும். பார்த்தால் கூடுதலாக இருந்தது! 2000இல் எலும்பு ஆய்வாளர் ஜெரார்ட் கார்சென்டியின் குழு அவற்றின் மூளைக்குள் லெப்டினைச் செலுத்தியதும் எலும்பு குறைந்தது. சரி, மூளையிலிருந்து எலும்புக்குத் தூது போனது யார்? பதற்றத்தில் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் பரிவு நரம்புகள் என்று 2002இல் அதே குழு காட்டியது. அந்த நரம்புமுனைகளில் வெளிவரும் நார்அட்ரினலின், ஆஸ்டியோபிளாஸ்டின் பீட்டா-2 ஏற்பியில் சேர்ந்து எலும்பு கட்டும் வேலையை மட்டுப்படுத்துகிறது. அந்த ஏற்பியை அடைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தான புரோப்ரனோலால் கொடுத்த எலிகளுக்கு எலும்பு கூடியது.

எல்லா நரம்பும் இப்படித் தடை போடுவதில்லை. வலியை உணர்த்தும் நரம்புகள் சுரக்கும் சிஜிஆர்பி (CGRP) என்ற சிறு புரதம் எலும்பை வளர்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதைப் பற்றியதுதான். 2016இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் எலிகளின் தொடையெலும்பில் மக்னீசியம் கம்பி வைத்தார்கள். சுற்றிலும் புது எலும்பு வளர்ந்தது. மிளகாய்க் காரத்தின் மூலப்பொருளான கேப்சைசினால் உணர்வு நரம்புகளை அழித்துவிட்டுச் செய்தபோது அந்த வளர்ச்சி பெருமளவு நின்றுபோனது. மக்னீசியம் நரம்பைத் தூண்ட, அது விட்ட சிஜிஆர்பிதான் மேலுறையின் ஸ்டெம் செல்களை எலும்பு செல்களாக மாற்றியிருக்கிறது.

அப்புறம் மாத்திரை. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஒரு சோதனையில், எலிகளுக்குப் பலித்த புரோப்ரனோலால் பலன் தரவில்லை. பீட்டா-1 என்ற இன்னொரு வகை ஏற்பியைக் குறிவைக்கும் பீட்டா பிளாக்கர்களான அட்டினோலால், நெபிவோலால் இரண்டும் எலும்புத் தேய்மானத்தைக் காட்டும் ரத்த அளவீட்டைக் குறைத்தன. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 20 வாரச் சோதனை அது. எலும்பு முறிவு குறையுமா என்பதை அதில் பார்க்க முடியாது. இந்த மாத்திரைகள் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சை இறுக்கலாம். எலும்புக்காக என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே இதயத்துக்கோ பிபிக்கோ சாப்பிடுகிறவர் என்றால், டாக்டர் சொன்னபடியே தொடருங்கள்.