மேட்டில் மட்டும் மிஸ்ஸிங்: பெட்ரோல் மோட்டார்ஹோம் இன்ஜின் கேள்வி பதில்

மோட்டார்ஹோம், அதாவது வீடு போல வசதிகளோடு ஓடும் வண்டி, வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மிஸ்ஸிங் பற்றியவை, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் உதறுவது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: "வண்டி மிஸ் ஆகுது" என்பதோடு நிறுத்தாதீர்கள். நின்றபடி ஓடும்போதா, மேடு ஏறும்போதா, மழையிலா, இன்ஜின் சூடான பிறகா? இந்த "எப்போது" தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் பாகம் மாற்றினால் பணம்தான் போகும்.

கேள்வி: அண்ணா, சமதளத்தில் வண்டி பட்டுப்போல ஓடுகிறது. மேடு வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் உதறுகிறது. செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு எரிகிறது. உச்சிக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. என்னவாக இருக்கும்?

தம்பி, முதலில் அந்த லைட். நிலையாக எரிந்தால் வண்டியைப் பதமாக ஓட்டி வீடு சேரலாம். விட்டுவிட்டு எரிந்தால் உடனே காலை எடுங்கள், பாரத்தைக் குறையுங்கள், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டரை விட்டு வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடும். அது செந்தணலாகத் தகிக்கும்போது காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீ பிடிக்கும். உச்சி வரை போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இனி காரணம். சமதளத்தில் த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்று நுழையும் கதவு) கொஞ்சம்தான் திறந்திருக்கும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. மேட்டில் முழுதாகத் திறந்தால் காற்றும் பெட்ரோலும் நெருக்கமாக அடைபடும். அந்த நெருக்கத்தில் பிளக் முனையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பொறிக்கான வோல்டேஜ் தரும் காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட் பழசாகியிருந்தால், மின்சாரம் பிளக் முனையைவிட எளிதான வழியைத் தேடி பூட்டின் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு இன்ஜின் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு) போய்விடும். அந்தச் சிலிண்டர் சும்மா சுற்றும்.

பூட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல ஒரு துளை, அதைச் சுற்றி வெள்ளைச் சாம்பல். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்டதுபோல மேலிருந்து கீழே மெல்லிய கறுப்புத் தடம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குற்றவாளி கிடைத்துவிட்டது. பூட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக்கில் அந்தத் தடம் இருக்கும்வரை புதுப் பூட்டையும் அது கெடுத்துவிடும். புதுப் பூட்டின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு சிறு பூச்சு போதும்.

கேள்வி: ஸ்கேனரில் பி0304, அதாவது 4ஆம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்ற கோட், வந்தது. 4ஆம் காயிலை மாற்றினேன். இரண்டு நாளில் அதே கோட் திரும்பவும் வந்துவிட்டது. புதுக் காயிலும் பழுதா?

காயில் பழுது என்று கம்ப்யூட்டர் சொல்லவே இல்லை, ஐயா. ஒவ்வொரு சிலிண்டரும் வெடித்துத் தள்ளும்போது கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகம் எடுக்க வேண்டும். 4ஆம் சிலிண்டரின் முறை வரும்போது மட்டும் அது தளர்கிறது என்பதை சென்சார் வழியாகக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறது. ஏன் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அடைபடும் அழுத்தம்) இல்லையா என்று நாம்தான் தேட வேண்டும்.

இடம் மாற்றிப் பார்ப்பதுதான் நல்ல வழி, செலவே கிடையாது. 4ஆம் காயிலைக் கழற்றி, கை எட்டும் இன்னொரு சிலிண்டரில், உதாரணமாக 2இல், போடுங்கள். 2இல் இருந்ததை 4இல் போடுங்கள். ஸ்கேனரில் பழைய கோட்களை அழித்துவிட்டு, முன்பு மிஸ் ஆன அதே மாதிரி மேட்டில் ஓட்டுங்கள். பி0302 வந்தால் குறை காயிலோடு போயிருக்கிறது. மறுபடி பி0304 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள், அதன்பின் இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

மூன்றும் நகராமல் கோட் 4இலேயே நின்றால் கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். எல்லாப் பிளக்கும் கழற்றி, பெட்ரோலும் இக்னிஷனும் வராமல் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்றுக் கொடுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவில் முக்கால் பங்குக்காவது இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் வால்வோ ரிங்கோ கேஸ்கெட்டோதான். இன்ஜினைத் திறக்கும் வேலை அது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்து காயில், பத்து பிளக் எல்லாம் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்காத ஒரு வண்டி என்னிடம் வந்தது. 7ஆம் காயிலின் கனெக்டரைக் கையால் லேசாக அசைத்தேன். இன்ஜின் உடனே தடுமாறியது. கனெக்டரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி சூட்டில் நொறுங்கி உடைந்திருந்தது. உள்ளே ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது. பத்துக் காயிலும் அந்தக் கனெக்டரைத் தாண்டித்தான் மாற்றப்பட்டிருக்கின்றன, யாரும் பார்க்கவில்லை. அந்த உரிமையாளரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து காயிலைத் தொடுமுன் கனெக்டரைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு பி0300 வருகிறது. குறிப்பிட்ட சிலிண்டர் இல்லை. எங்கே தொடங்குவது?

பல சிலிண்டர்கள் மாறி மாறி மிஸ் ஆனால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள்: காற்று அல்லது பெட்ரோல். ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) என்று இரண்டு எண்கள் இருக்கும், குறுகிய காலம், நீண்ட காலம். இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல் 5 சதவீதத்துக்குள் மேலே கீழே ஆடினால் நலம். 10ஐத் தாண்டினால் கவனியுங்கள்.

வண்டி நின்று ஓடும்போது கூட்டல் 18, இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றினால் 3 என்று இறங்குகிறதா? எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. வேக்வம் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். ஃபோர்டு 2 வால்வு வி10இல் (பத்து சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால்வு) த்ராட்டில் பாடிக்குப் பின்னால் பிசிவி ஹோஸின் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுக்கும் குழாயின்) ரப்பர் வளைவு ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும், அடிப்பக்கம் விரல் வைத்தால் மெழுகு மாதிரி அமுங்கும். தலைகீழாகவும் வரலாம்: நின்று ஓடும்போது சரி, பாரம் ஏற ஏற டிரிம் கூடுகிறது. அப்போது பெட்ரோல் போதவில்லை. சேசிஸில் வெளியே ஃபில்டர் இருந்தால் அதை மாற்றிவிட்டு, பம்பின் அழுத்தத்தைக் கேஜ் போட்டு, வண்டி பாரத்தில் இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் அளந்தால் தேறிவிடும், மேட்டில் தோற்கும்.

கேள்வி: ஃபோர்டு வி10 வைத்திருக்கிறேன். பிளக் தானாகவே துப்பிக்கொண்டு வரும் என்கிறார்கள், கழற்றினால் உடையும் என்றும் சொல்கிறார்கள். தொடவே பயமாக இருக்கிறது, அண்ணா.

இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே இன்ஜினுக்கு இல்லை.

2 வால்வு வி10இன் தொடக்ககால ஹெட்களில் பிளக் பிடித்து நிற்கும் மரை மிகக் குறைவு. பிளக் கொஞ்சம் தளர்ந்தாலும் அழுத்தம் அதை அசைத்து அசைத்து அலுமினிய மரையைத் தின்று, ஒருநாள் காயிலோடு சேர்த்து வெளியே எறிந்துவிடும். டமார் என்று ஒரு சத்தம், பிறகு விடாமல் டக் டக். பின்னாளில் மரையைக் கூட்டினார்கள். இந்த இன்ஜினில் பிளக்கை டார்க் ரெஞ்ச் வைத்து உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். கை அளவை நம்பாதீர்கள்.

3 வால்வு வி10இல் சங்கடம் வேறு. பிளக்கின் அடிப்பகுதி நீளமான மெல்லிய குழல். அதைச் சுற்றிக் கரி படிந்து ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று திருகினால் குழல் உள்ளேயே நின்றுவிடும். இன்ஜின் ஆறிய பிறகு, பிளக்கை எட்டில் ஒன்றிலிருந்து கால் சுற்று வரை மட்டும் தளர்த்தி, கார்ப்யூரேட்டர் கிளீனரைக் குழிக்குள் விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கொஞ்சமாக. கீச்சென்று சத்தம் வந்தால் திரும்ப இறுக்கி, மறுபடி ஊற்றுங்கள். ஒரு பக்கத்துக்கே அரை நாள் ஆகலாம், ஆகட்டும்.

இரண்டு இன்ஜினுக்கும் பொதுவாக ஒன்று: பிளக்கைக் கழற்றுமுன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அங்கே கிடக்கும் மணல் உள்ளே விழுந்தால் சிலிண்டரைக் கீறும்.

கேள்வி: மேட்டில் இன்ஜின் 4,000 சுற்றுக்கு மேல் கத்துகிறது. கெட்டுப்போகாதா?

கெடாது. இந்த இன்ஜின்கள் சக்தியை அந்த வேகத்தில்தான் கொடுக்கும். கூலன்ட் வெப்பநிலை ஏறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சத்தத்துக்குப் பயந்து உயர்ந்த கியரில் திணறவிடுவதுதான் தவறு.

கேள்வி: கோட் எதுவும் இல்லை. ஆனால் மிதமான வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், கரடுமுரடான கோட்டின் மேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம்.

அது மிஸ்ஸிங் இல்லாமலும் இருக்கலாம். இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகும்போது வரும் நடுக்கம் அப்படியே மிஸ்ஸிங் போலத்தான் இருக்கும். பாதை காலியாக இருக்கும்போது, நடுக்கம் வரும் அந்த நொடியில், வலது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக் பெடலை, பிரேக் பிடிக்காமல், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக் விடுபடும். நடுக்கமும் அதோடு நின்றால் இன்ஜினை விட்டுவிட்டு கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் போய்விடுகிறது. இதுவும் மிஸ்ஸிங்தானா?

பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பை) ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் உடைந்த சத்தம். சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். ஆனால் அந்த இடைவெளி வழியாக நுழையும் காற்று ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் குறைவு என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். டிரிம் எண் கூடியிருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் நிறுத்தி வைத்தேன். எடுத்ததும் முக்கல், உதறல். ஜெனரேட்டரும் ஏறி இறங்கி ஓடுகிறது. நிறுத்தி வைத்த வண்டி எப்படிக் கெடும்?

அக்கா, ஓடி ஓடிக் கெடும் மோட்டார்ஹோம்களைவிட நின்று நின்று கெடுபவற்றைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் கிடந்தால் லேசாகப் பற்றும் தன்மை போய்விடும், பிசினும் படியும். ஜெனரேட்டரில் கார்ப்யூரேட்டர் இருந்தால் அதன் நுண்துளை முதலில் அடைபடும். அதனால்தான் அந்த ஏறி இறங்கும் ஓட்டம். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். டாங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இருந்தாலும் ஜெனரேட்டர் நின்றுவிடும். ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு வழியில் பெட்ரோல் இல்லாமல் நிற்கக் கூடாது என்று அதன் உறிஞ்சு குழாயை உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை நிறுத்துமுன் டாங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் ஊற்றி, இன்ஜினையும் ஜெனரேட்டரையும் 10, 15 நிமிடம் ஓட்டுங்கள். மருந்து கலந்த பெட்ரோல் குழாய் வரை போய்ச் சேர வேண்டும். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஏசி போட்டு, பாதிப் பாரத்தில், ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இன்ஜினை ஐந்து நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து அணைக்காதீர்கள். ஆயிலில் ஈரம் சேர்வதுதான் மிச்சம். ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்டுங்கள்.

இன்னொன்று, எலி. சாவி போடுமுன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு வண்டியில் இருக்கை மெத்தையின் பஞ்சும் காய்ந்த இலையுமாக, கிண்ணம் போல அழகாக முடைந்த கூடு இருந்தது. இன்ஜெக்டர் ஒயர் ஒன்றையும் எலி கடித்திருந்தது. உறை மட்டும்தான் போயிருந்தது, செம்பு பளபளத்தது. ஈரம் பட்டால் மட்டும் மிஸ் ஆன காரணம் அதுதான்.

கேள்வி: இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் ஊற்றினால் மிஸ்ஸிங் போகுமா?

இன்ஜெக்டர் லேசாக அழுக்கானால் உதவும். கிழிந்த பூட்டை எந்தப் பாட்டிலும் ஒட்டாது.

கேள்வி: வருடத்துக்கு மிகக் குறைவாகத்தான் ஓட்டுகிறேன். ஆயிலை அப்படியே விடலாமா?

வேண்டாம், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். நிறுத்தி வைக்குமுன் மாற்றினால் இன்னும் நல்லது. பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்கோடு மாதக்கணக்கில் கிடக்கத் தேவையில்லை. கூலன்ட், பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் மூன்றையும் கிலோமீட்டரைப் பார்க்காமல் வயதைப் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: நீண்ட பயணம் புறப்படுகிறோம், குழந்தைகளும் வருகிறார்கள். கையோடு என்ன வைத்துக்கொள்வது?

ஒரு காயில், பூட்டோடு. ஒரு பிளக். பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், காயில் போல்ட்டுக்கான சிறிய சாக்கெட், கோட் படிக்கும் மலிவான ஸ்கேனர். புறப்படும் முன் ஒரு மாலையில் இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் இன்ஜின் கவரைத் திறந்து எந்தச் சிலிண்டர் எங்கே என்று பாருங்கள். இந்த வண்டிகளில் ஓட்டுநர் இடது பக்கம் உட்காருவார். ஃபோர்டு வி10இல் பயணி பக்கம் (வலது) முன்னிருந்து பின்னாக 1 முதல் 5, ஓட்டுநர் பக்கம் (இடது) 6 முதல் 10. ஜிஎம் 8.1 லிட்டர் வி8இல் ஓட்டுநர் பக்கம் 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. அதை ஒரு தாளில் பெரிதாக வரைந்து, சூடு படாத இடமாகப் பார்த்து, கையுறைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இருட்டில், சாலையோரத்தில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எண்ண வேண்டியிருக்காது.